காலியாகத் திரும்பாத தூக்கு

செழியா,

உன் பெட்டியில் இன்னும் ஏழு கிலோவுக்கு இடம் இருக்கிறது என்று நேற்று அம்மா போனில் சொன்னாள். அதில் ஒரு கிலோவை எனக்கு ஒதுக்கி வை. வெள்ளிக்கிழமை விமானத்தில் திருச்சிக்கு வரும் என் அலுவலக நண்பர் ஒரு பையைக் கொண்டுவந்து தருவார். உள்ளே ஓர் எவர்சில்வர் தூக்கு இருக்கும். மூடியில் ஒரு நசுங்கல், பக்கவாட்டில் ‘சரோஜா’ என்று புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். கைப்பேசித் திரையில் நீ அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய், கையில் தொட்டதில்லை. அது நம்முடையதும் இல்லை, எதிர்வீட்டு மணியம் அண்ணனுடையது. உன்னோடு டப்ளினுக்கு அனுப்ப அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு ‘சாப்பிட்டியா’ என்பதைத் தாண்டி வாய் வராது என்பது உனக்குத் தெரியும். நீ பன்னிரண்டாவது முடித்த வருஷத்திலிருந்து உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக உன்னிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன், பொரியல் செய்யக் கற்றுக்கொண்டேன், ஊறுகாய்கூடப் போட்டேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பாக்கி. நீ கிளம்புவதற்குள் அது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

எந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். சித்தப்பா, சித்தி எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ கேட்டரிங் கல்லூரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து என்னிடம் நீட்டினாய். நான் அதை நாலாக மடித்து பீரோவுக்கு மேலே எறிந்தேன். “அடுத்தவன் எச்சில் தட்டு கழுவவா உன்னப் பெத்தேன்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். நீ மெக்கானிக்கல் சேர்ந்தாய், கல்லூரிக்குப் போனாய், வந்தாய். அதன்பிறகு ஒன்றரை வருஷம் என்னிடம் ‘ம்’, ‘சரி’, ‘அம்மாகிட்ட குடுக்கறேன்’ என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் நீ சொன்னதில்லை. நானும் வீம்புக்குக் குறைந்தவன் இல்லையே, சரிதான் போ என்று இருந்துவிட்டேன்.

இங்கே மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில் நான் எப்படி வாழ்ந்தேன் என்று உனக்கு அவ்வளவாகத் தெரியாது. ரெண்டு வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே அப்போது எட்டு வருஷம் ஓட்டியிருந்தேன். சட்டைகள் அலமாரிக்குப் போகவில்லை, பெட்டியிலேயே கிடந்தன. குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கும். அடுக்ககத்தின் பதினோராவது மாடியில், எதிர்க்கதவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று வேளையும் கீழே ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, அங்கிருந்து ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலைக்கு, மறுபடி மெஸ்ஸுக்கு. அந்த மெஸ்ஸில் சமைத்தவரின் பெயரை எட்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என்னை உயிரோடு வைத்திருந்தவர் அவர். அப்படி ஒருவருடைய கையால் சாப்பிட்டுக்கொண்டுதான் உன்னிடம் எச்சில் தட்டு என்று பேசினேன். இப்போது பெயர் தெரியும். சண்முகம், தேவகோட்டைக்காரர்.

பிறகு கொரோனாவும் நடமாட்டக் கட்டுப்பாடும் வந்தன. தொழிற்சாலையை மூடினார்கள், மெஸ்ஸையும் மூடினார்கள். வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், பத்து கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, சாலை முனையில் போலீஸ். நீ அங்கே திருச்சியில் வீட்டில் அடைபட்டிருந்தாய், நான் இங்கே. அம்மா நர்ஸ் என்பதால் அவளுக்கு வீடே இல்லாமல் போயிற்று, ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிவிட்டாள். மூன்று பேர் மூன்று இடத்தில். நான் முதல் வாரம் முழுவதும் மேகி நூடுல்ஸ் தின்றேன். காலையில் மேகி, மத்தியானம் மேகி, ராத்திரி வித்தியாசமாக இருக்கட்டும் என்று தண்ணீர் குறைத்து மேகி.

எட்டாம் நாள் குப்பை போடக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு இரும்புக் கிரில்லுக்குப் பின்னால் பனியனும் கைலியுமாக ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். என் குப்பைப் பையில் மேகி உறைகளாகத் தெரிந்தன. “என்னா தம்பி, பசியாறியாச்சா?” என்றார். ஆச்சு என்றேன். “தெனமும் இதத்தான் திங்கிறியா? கொடலு என்னாத்துக்கு ஆவும்? இரு இரு.” உள்ளே போய் ஒரு தூக்கைக் கொண்டுவந்து தன் கிரில்லின் கைப்பிடியில் மாட்டிவிட்டு நாலடி பின்னால் நகர்ந்துகொண்டார். “மவ ரவாங்லேர்ந்து போன வாரமே கொண்டாந்து ஃப்ரீசர்ல அடுக்கிட்டு போயிருக்கா. எனக்கு ரொம்ப அதிகம்லா. எடுத்துக்க.” அதுதான் மணியம் அண்ணன். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர், மனைவியை இழந்தவர். சாம்பாரும் கத்தரிக்காய்க் கூட்டும் இருந்தன. அன்றைக்கு நான் சாப்பிட்ட வேகத்தை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

கழுவி வைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. தூக்கைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாதே. அம்மா பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பும்போது ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். நானும் சர்க்கரை போடலாமென்று டப்பாவைத் திறந்தேன், எறும்பு. வீட்டில் வேறு இருந்தது மேகிதான். அதைத்தான் தின்னாதே என்று அவர் சொல்லியிருந்தார். ரெண்டு நாள் அந்தத் தூக்கு மேஜைமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கிரில் வழியாக, “தம்பி, தூக்குக்கு அவசரமில்லலா. எம் பொண்டாட்டி தூக்கு, பத்திரமா வச்சிக்க” என்றார் அண்ணன். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மானமும் போயிற்று. உடனே அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன், சுலபமாக என்ன சமைக்கலாம் என்று. அவளிடமிருந்து வந்த பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ‘எனக்கு மூச்சு விட நேரமில்லை. வீட்டில் ஒருத்தன் இருக்கிறான். அவனைக் கேளுங்கள்.’

உன்னைக் கூப்பிடும் பொத்தானை அழுத்துவதற்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நீ எடுத்தாய். நான் தூக்கு, எறும்பு, எதிர்வீடு என்று உளறினேன். நீ போனை வைத்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். “எலுமிச்சம்பழம் இருக்கா?” என்றாய். ஒன்றரை வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான், செழியா. இல்லை, வாங்கி வருகிறேன் என்று ஓடினேன். கடையில் இருந்தது கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டி எலுமிச்சை. வீடியோவில் கூப்பிட்டபோது நீ முகத்தைக் காட்டவில்லை. போனை எங்கேயோ உயரத்தில் சாய்த்து வைத்து நம் வீட்டு அடுப்பை மட்டும் காட்டினாய். அடுப்பும், உன் இரண்டு கைகளும்.

அதன்பிறகு பல நாட்கள் என் மகன் என்றால் எனக்கு அந்த இரண்டு கைகள்தான். கடுகு வெடிக்கும்போது பின்வாங்காத கைகள். இடது மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது, அது எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சமாக இருந்தது. “அடுப்பைக் குறைங்க.” “குறைச்சிட்டேன்.” “சத்தம் கேக்குது, குறைக்கல. பொய் சொல்லாதீங்க.” நான்காம் வகுப்பில் பின்னக் கணக்குச் சொல்லித்தந்தபோது உன்னை என்னவெல்லாம் திட்டினேனோ, அத்தனையும் வட்டியோடு வந்தது. ஒரு வித்தியாசம் இருந்தது. நான் திட்டியபோது நீ அழுதாய், நீ திட்டியபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது. இன்னும் நாலு வார்த்தை திட்டமாட்டானா என்று வேண்டுமென்றே ஒரு தடவை உப்பைக் கூடப் போட்டேன்.

எலுமிச்சைச் சாதத்தைத் தூக்கில் போட்டு, அண்ணன் வீட்டுக் கிரில்லில் மாட்டி, மணியை அடித்துவிட்டு ஓடிவந்தேன். சாயங்காலம் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்பாடா, கணக்கு தீர்ந்தது என்று படுத்தேன். மறுநாள் காலை என் கிரில்லில் அதே தூக்கு தொங்குகிறது, உள்ளே உளுந்து வடை. அவரும் தமிழர்தானே, தூக்கு தன்னுடையதே ஆனாலும், அதில் வந்ததைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்க அவருக்கு மனசு வரவில்லை. நான் ரசம் வைத்தேன். அவர் பயற்றங்காய் வதக்கினார். நான் உருளைக்கிழங்கு, அவர் நெத்திலிச் சம்பல். ரெண்டு பேரில் யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தினால் கடைசியாக வாங்கித் தின்றவன் நான் என்றாகிவிடுமே. ஊரே அடங்கிக் கிடந்தபோது ஒரு தூக்கு மட்டும் பதினோராவது மாடியில் நாள் தவறாமல் நடமாடிக்கொண்டிருந்தது.

கொத்தமல்லி கதை நினைவிருக்கிறதா? அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டதால் அவர் வீட்டுக்கும் நானே பாசாரில் காய்கறி வாங்கி வருவேன். கொத்தமல்லி என்று ஒரு கட்டுத் தழை வாங்கி வந்து பெருமையாகக் காட்டினேன். “அப்பா, அது கொத்தமல்லி இல்ல. மோந்து பாத்து வாங்கக்கூடாதா?” என்றாய். முகக்கவசம் போட்டுக்கொண்டு எதை மோந்து பார்ப்பது? மறுபடியும் கிளம்பினேன். சாலை முனையில் அதே மலாய்ப் போலீஸ்காரர், ஒரே காலையில் இது ரெண்டாம் தடவை என்று நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் விளக்க முடியாமல் அந்தத் தழையை எடுத்து நீட்டினேன். தள்ளி நின்றே பார்த்தார். “அங்கிள், இது சூப்புக்குப் போடுற தழை. பக்கத்துக் கூடையில இருக்கும் நீங்க தேடுறது” என்று மலாயில் சொல்லி வழிவிட்டார். திருச்சியில் நீயும் பிரிக்ஃபீல்ட்ஸில் போலீஸும் சேர்ந்துதான் என்னைக் கொத்தமல்லி வாங்க வைத்தீர்கள்.

உன் முகம் எனக்குக் கிடைத்தது ஒரு இலையால். அண்ணன் ஒருநாள் பாயசம் வைத்திருந்தார். அதில் ஒரு நீளப் பச்சை இலை முடிச்சுப் போட்டு மிதந்தது. இது ஏதோ தவறி விழுந்துவிட்டது என்று எடுத்துக் காட்டினேன். “இருங்க. கிட்ட காட்டுங்க,” என்றாய். உன் குரலில் வேகம் வந்துவிட்டது. “வாசம் எப்படி இருக்கு? இல்லப்பா, நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? எது மாதிரி இருக்கு?” நான் இயந்திரத்தில் எண்ணெய் கசிவதை வாசனையிலேயே கண்டுபிடிக்கிற ஆள், ஒரு இலைக்கு வார்த்தை கிடைக்கவில்லை. யோசித்து, “புதுசா வடிச்ச பச்சரிசிச் சோறு, அதுல யாரோ கொஞ்சம் வெல்லத்த வச்சுட்டு எடுத்துட்ட மாதிரி” என்றேன். நீ போனைக் கையில் எடுத்துவிட்டாய். திரை முழுக்க உன் முகம். மீசை நன்றாக வந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. “சூப்பர்ப்பா. அது பண்டான் இலையா இருக்கும்” என்று சிரித்தாய். முகத்தைக் காட்டிவிட்டோம் என்பதே உனக்கு ஞாபகமில்லை. நான் மூச்சு விடாமல் நின்றேன், ஞாபகப்படுத்திவிடக் கூடாதே என்று.

அண்ணன் பெரிய சமையல்காரர் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது அடுத்த வாரம் உடைந்தது. தூக்கை மாட்டப் போனபோது அவர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “அப்பா, தண்ணிய ஊத்தாதீங்கலா. மொத வெங்காயம் செவக்கட்டும்னு எத்தன வாட்டி சொல்றது?” ரவாங் மகள் போனில் சொல்லச் சொல்ல அவர் கிளறிக்கொண்டிருக்கிறார். கரண்டியோடு என்னைப் பார்த்தவர் திருதிருவென்று விழித்தார். “அண்ணே, உங்களுக்கும் சமைக்கத் தெரியாதா?” என்றேன். “எனக்கு லோரிதான் தெரியும் தம்பி. ஒன் வீட்டு சாப்பாடு அவ்ளோ ருசியா வருது, அதுக்கு ஈடு குடுக்க வேணாமா? மவள தெனம் போட்டு கொல்லறேன்.” என் பையனும் அப்படித்தான் என்று உண்மையைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கிரில் அதிர்ந்தது. பிறகு என்ன, அவர் தன் கதவில் நின்று போனை நீட்டினார், நான் என் கதவில் நின்று போனை நீட்டினேன். நடுவே தாழ்வாரம். நீயும் அந்த அக்காவும் அரை மணி நேரம் நெத்திலிக்குப் புளி எவ்வளவு என்று பேசினீர்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரெண்டு வீட்டுத் தகப்பன்களும் கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமையாக நின்றது குறைவு.

சித்திரைப் பிறப்பன்று மாங்காய்ப் பச்சடி செய்தோம். அம்மாவும் விடுதியிலிருந்து சேர்ந்துகொண்டாள். கவசம் அழுத்திய கோடு அவள் கன்னத்தில் அப்படியே இருந்தது. ஒரு திரையில் மூன்று பேர். நீ என்னை அதட்டுவதையும் நான் ‘சரிப்பா, சரிப்பா’ என்று அடங்குவதையும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். கேட்டால் தூக்கக் கலக்கம் என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. “பீரோ மேல ஏறிப் பாரு,” என்றேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தூசியைத் தட்டிக்கொண்டு நாலாக மடித்த விண்ணப்பத்தோடு வந்தாய். பென்சில் புள்ளிகூட அப்படியே இருந்தது. “தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுதுப்பா,” என்று சிரித்தாய். பிறகு மெதுவாக, “இது இங்கதான் இருக்குன்னு எனக்கு முதல் நாளே தெரியும். எடுக்கல. நீங்களே எடுத்துத் தரட்டும்னு விட்டேன்” என்றாய். ஒரு சின்னப் பையன் அவ்வளவு நாள் அந்த பீரோவைத் தாண்டிக் கல்லூரிக்குப் போயிருக்கிறான், காத்துக்கொண்டு. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ‘பச்சடிக்கு வெல்லம் போதுமா’ என்று கேட்டேன். நீயும் பெரிய மனதோடு, போதும் என்றாய். ஆரம்பித்த படிப்பை முடித்துவிட்டுத்தான் கேட்டரிங் சேர்வேன் என்று நின்று, அப்படியே முடித்துச் சேர்ந்தாய். இப்போது டப்ளினில் ஒரு சமையலறை உனக்காகக் காத்திருக்கிறது.

அங்கே போனதும் முதல் நாளே பெட்டியைக் காலி செய்து துணிகளை அலமாரியில் அடுக்கு. ரெண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக உன்னிடமே சொல்லிக்கொள்ளாதே. எவ்வளவு நாள் இருக்கிறாயோ அவ்வளவு நாளும் அது உன் ஊர். நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சமைத்துவிட்டு நீ நின்றபடி எதையாவது வாயில் போட்டுக்கொள்வாய், எனக்குத் தெரியும். உட்கார்ந்து சாப்பிடு. உனக்குக் கீழே பாத்திரம் கழுவ வருபவரின் பெயரை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள். எட்டு வருஷம் ஆக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தத் தூக்கில் ஏதாவது செய்து எதிர்க்கதவில் கொண்டுபோய்க் கொடு. அவர்களுக்கு நம் வழக்கம் தெரியாமல் காலியாகத் திருப்பிக் கொடுத்தால் கோபித்துக்கொள்ளாதே, அடுத்த ஞாயிறும் கொடு.

தூக்கைக் கேட்டபோது மணியம் அண்ணன் வெகு நேரம் அந்தப் பெயரையே தடவிக்கொண்டிருந்தார். “எம் பொண்டாட்டி கிள்ளான தாண்டுனதே பெரிசு. அவ தூக்கு பிளேன் ஏறி அயர்லாந்து போவுதா? சரி, போவட்டும். ஆனா சும்மா வரக்கூடாது, சொல்லிடு ஒம் மவன்கிட்ட.” அதனால் இப்போதும் அது காலியாக வரவில்லை. உள்ளே பருப்புப் பொடி இருக்கிறது, நானே வறுத்து அரைத்தது. மிளகு ஒரு பங்கு அதிகம், திட்டிக்கொள்.

இனி அந்த வார்த்தை. அன்றைக்குக் கூடத்தில் எல்லார் முன்னாலும் நான் சொன்னது தப்பு, செழியா. என்னை மன்னித்துவிடு. சித்தப்பாவுக்கும் இதைப் போனில் சொல்லிவிட்டேன், சொன்னது அவர் முன்னால்தானே. முடிவெட்டுகிற கடையில், லிஃப்டில், தொழிற்சாலையில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் என் மகன் சமையல்காரன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு முதல் விடுமுறை கிடைக்கும்போது தூக்கைத் திருப்பித் தர நீயே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வா. காலியாகவே கொண்டு வா, எதிர்வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். என் அடுப்பில் நீ எதையாவது செய்து அதை நிரப்பு. அண்ணனையும் கூப்பிட்டு உட்கார்ந்து சாப்பிடுவோம். தட்டுகளை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு நீ எழுந்து போ. அன்றைக்கு நான் கழுவுகிறேன்.

அப்பா